‘மேயர்’ என்று பொறித்த மரக் குழல்: செய்தது யார், எந்த ஊர்?

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் வசிக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் 60 பவுண்டு கொடுத்து ஒரு மேற்கத்திய மரக் குழலை வாங்கியிருக்கிறார். ஊதா வெல்வெட் போட்ட நீளப் பெட்டி, உள்ளே ஐந்து துண்டுகள். தலைத்துண்டு மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளை, மற்ற நான்கும் கறுப்பு. வெள்ளி நிறத்தில் பத்து கீ (விரல் எட்டாத துளையைத் திறந்து மூடும் உலோக நெம்பு). ஒரு துண்டில் மட்டும் ‘மேயர்’ என்றும் அதன் கீழே ‘ஹனோவர்’ என்றும் மங்கலாகப் பொறித்திருக்கிறது. “புகழ்பெற்ற மேயர் 1850 வாக்கில் தன் கையாலேயே செய்தது” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அது உண்மையா, இல்லையென்றால் யார் செய்தது, எவ்வளவு பழசு, ஊதலாமா, விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒன்பது படங்களோடு கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேயர் என்பவர் ஜெர்மனியின் ஹானோவர் ஊரில் குழல் செய்தவர்; இது அவர் செய்த குழல் இல்லை. 1890க்கும் முதல் உலகப் போருக்கும் நடுவில், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஷன் வட்டாரத்தில், ஏற்றுமதிக்காகப் பல பேர் கை சேர்ந்து செய்தது. செய்தவரின் பெயர் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பெயரை யாரும் எங்கேயும் பொறிக்கவே இல்லை.

எதை வைத்துச் சொல்கிறேன் என்று விளக்கிவிட்டால், அடுத்த முறை சந்தையில் ஒரு பெட்டியைத் திறக்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பழைய மரக் குழல்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. கையில் ஒன்று வந்தால் பெயரைக் கடைசியில்தான் படிப்பேன். முதலிலேயே படித்துவிட்டால் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் கண்ணில் படுவதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாகவே தெரியும். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது. ஆரம்ப நாட்களில் லண்டன் முகவரியோடு ஒரு குழல் கிடைத்ததும், பெரிய ஆள் செய்தது என்று ஒரு மாதம் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். தலைத்துண்டு ஒரு குழலுடையது, உடம்பு வேறொன்றினுடையது என்பதை, அதைப் பார்த்த ஒரு பெரியவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து மரத்தின் இழை ஓட்டத்தைப் பார்த்தார், பூண்களின் அகலத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதனால் முதலில் உடம்பைப் படிப்போம்.

கீ எத்தனை என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 18ஆம் நூற்றாண்டுக் குழல்களில் பெரும்பாலும் வலது கைச் சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு கீதான். 1760களில் லண்டனில் கூடுதல் கீ வைத்த குழல்கள் வர ஆரம்பித்தன. நான்கு, ஆறு என்று ஏறி, 19ஆம் நூற்றாண்டில் எட்டு கீ என்பது சாதாரணமானது. எட்டு கீ இருந்தால் கடைசித் துண்டு, அதாவது கால்துண்டு, நீண்டு குழல் கீழ் ‘சி’ என்ற சுரம் வரை இறங்கும். உங்கள் குழலின் கால்துண்டில் மட்டும் நான்கு கீ இருக்கிறது. அது இன்னும் அரைச் சுரம் இறங்கி ‘பி’ வரை போகும். ஜெர்மன் ஏற்றுமதிக் குழல்களில் இந்த நீளக் காலை நிறையப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கீ குறைவாக இருந்தால் பழசு, நிறைய இருந்தால் புதுசு என்று கணக்குப் போடாதீர்கள். கற்றுக்கொள்பவர்களுக்கான மலிவான ஒற்றைக் கீ குழலை 19ஆம் நூற்றாண்டு முழுக்கச் செய்து விற்றார்கள். சந்தையில் ‘18ஆம் நூற்றாண்டு’ என்று சொல்லி நீட்டப்படும் ஒற்றைக் கீ குழல்களில் பல அந்த வகைதான்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம், கீயை மரத்தோடு எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்பது. பழைய ஆங்கிலேயக் குழலில், கடைசலில் மரத்தை உருட்டும்போதே ஒரு வளையத்தை மேடாக விட்டுவிடுவார்கள். பிறகு அந்த வளையத்தைச் செதுக்கிக் கழித்து, கீ உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மரக் கட்டியை நிறுத்துவார்கள். அதில் காடி வெட்டி, கீயை இறக்கி, குறுக்கே ஓர் ஊசி. மரமும் கட்டியும் ஒரே துண்டு. உங்கள் குழலில் அப்படி இல்லை. மரத்துக்குள் திருகி இறக்கிய குட்டி உலோகத் தூண்கள், இரண்டு தூணுக்கு நடுவில் ஓர் அச்சு, அதில் கீ. இப்படிச் செய்தால் வேலை பிரிந்துவிடும்: மரத்தைக் கடைபவர் ஒருவர், கீ செய்பவர் இன்னொருவர், தூணைத் திருகிப் பொருத்துபவர் மூன்றாமவர். நிறையக் குழல் வேகமாகச் செய்ய ஏற்ற முறை. பிரான்சிலும் இதே தூண் முறை உண்டு, ஆகவே தூணை மட்டும் வைத்து ஜெர்மனி என்று முடிவு கட்டிவிட முடியாது.

கீயின் மூடியையும் பாருங்கள். லண்டன் எட்டு கீ குழல்களில் அது உப்புக்கரண்டி மாதிரி குவிந்து வட்டமாக இருக்கும். அதற்கும் முந்தைய தலைமுறையில் தட்டையான சதுர மூடிக்கு அடியில் தோல் ஒட்டியிருக்கும். சிலவற்றில், முக்கியமாகக் கால்துண்டில், தோலுக்குப் பதிலாக வெள்ளீயக் கலவையில் செய்த சின்ன முளை இருக்கும். வெள்ளித் தகடு பதித்த துளைக்குள் அது போய் அடைத்துக்கொள்ளும். லண்டனில் ரிச்சர்ட் பாட்டர் 1785ல் காப்புரிமை வாங்கிய அமைப்பில் இந்த முளையும் உண்டு. இதையெல்லாம் பார்த்தால் மரத்தைத் தொடுவதற்கு முன்பே காலம் பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது உலோகம். ‘வெள்ளிக் கீ’ என்று எழுதியிருந்தீர்கள். நான்காவது படத்தில் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து லேசாக மஞ்சள் அடிக்கிறது, கவனியுங்கள். அது ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். 1820களில் ஐரோப்பாவில் உற்பத்திக்கு வந்த கலவை அது. நிஜ வெள்ளியாக இருந்தால் மூலை முடுக்குகளில் கறுப்பேறியிருக்கும். இங்கிலாந்து வெள்ளியில் ஹால்மார்க் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. நம்மூர் நகைக்கடை ஹால்மார்க் தங்கத்தின் தரத்தைச் சொல்கிறது. இங்கிலாந்து வெள்ளியில் தரத்துக்கு நடக்கும் சிங்கம், ஊருக்கு ஒரு சின்னம், வருடத்துக்கு ஓர் எழுத்து எல்லாம் இருக்கும். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையும் சேரும். லண்டனில் மொன்சானி செய்த குழல்களை இப்படி வருடம் வரைக்கும் சொல்ல முடிகிறது. ஆனால் சின்ன வெள்ளித் துண்டுகளுக்கு முத்திரை போடாமல் விடுவதும் சகஜம். முத்திரை இல்லை என்பதற்காக வெள்ளி இல்லை என்று ஆகிவிடாது.

மரம். கறுப்பாக இருந்தால் எல்லோரும் கருங்காலி என்கிறார்கள். ஆங்கிலேயப் பட்டறைகள் அதிகம் விரும்பியது கோகஸ் என்ற மரம். ஜமைக்கா, கியூபா பக்கம் விளைவது. ஆழ்ந்த பழுப்பில் ஆரம்பித்து வயசாக வயசாகக் கறுக்கும். அதற்கு முந்தைய காலத்தில் மஞ்சள் நிற பாக்ஸ்வுட். பிற்பாடு ஆப்பிரிக்காவின் கிரெனடில்லா, இன்றைக்குக் கிளாரினெட் செய்வதும் அதில்தான். மலிவான குழல்களில் வெளிர் நிற மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: டார்ச் அடித்து விரல் துளையின் உள்சுவரைப் பாருங்கள். சாயம் அங்கே ஒழுங்காகப் போயிருக்காது. வெளியே கறுப்பு, உள்ளே பழுப்பு என்றால் சாயம். உங்கள் ஆறாவது படத்தில் துளைக்குள்ளும் கறுப்புதான், எடையும் கனமாக இருக்கிறது என்கிறீர்கள். நல்ல மரம் போட்டிருக்கிறார்கள், கிரெனடில்லாவாக இருக்க வேண்டும். (‘மரம்’ என்று சொல்லி எபனைட் என்ற கெட்டி ரப்பரையும் விற்பார்கள். துணியால் சூடு பறக்கத் தேய்த்தால் கந்தக வாசம் வரும். வெயில் பட்ட பக்கம் பச்சை கலந்த பழுப்பாக மாறியிருக்கும்.)

இனி தலைத்துண்டு. இது தந்தமா, எலும்பா, செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கா? வெட்டு முகம் தெரியும் இடத்தில், அதாவது துண்டின் முனையில், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். யானைத் தந்தத்தில் கோடுகள் ஒன்றை ஒன்று சாய்வாக வெட்டிப் போய் வலை மாதிரி தெரியும். எலும்பில் அந்த வலை இருக்காது; நுண்ணிய புள்ளிகளும் கீறல்களும் அழுக்கேறித் தெரியும். செல்லுலாய்டில் இயந்திரம் போட்ட மாதிரி ஒரே சீரான இணைகோடுகள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய முனைப் படத்தில் வலை தெளிவாகத் தெரிகிறது. தந்தம்தான். இதனால் வேறொரு சிக்கல் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

தந்தத் தலை, ஜெர்மன் சில்வர் கீ, தூண்கள், ‘பி’ வரை இறங்கும் கால், ஆங்கிலேயக் குழலைவிடச் சின்னதான விரல் துளைகள். பெயரே இல்லாமல் இந்த ஐந்தையும் மேசையில் வைத்திருந்தால்கூட, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஜெர்மன் வகை என்று சொல்லியிருப்பேன். இப்போது பெயரைப் படிக்கலாம்.

ஹானோவரில் எச். எஃப். மேயர் என்றொருவர் 19ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே இருந்தார். நல்ல கைவேலைக்காரர். கூம்பு வடிவ உட்குழாயும் நிறையக் கீயும் கொண்ட அவருடைய குழல்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேர் வாங்கின. ம்யூனிக்கில் தியோபால்ட் போம் 1847ல் உருளை வடிவக் குழலைக் கொண்டுவந்து, விரல் வைக்கும் முறையையே முன்பே மாற்றியிருந்தார். அந்தப் புது முறையைக் கற்க விரும்பாத வாசிப்பவர்கள் ஜெர்மனியில் ஏராளம். அவர்களுக்கு மேயர் குழல் கைக்கு வாகாக இருந்தது. விற்பனை சூடு பிடித்ததும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ‘மேயர் முறை’, ‘மேயர் மாடல்’ என்று ஆளாளுக்கு செய்ய ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் லயன் அண்ட் ஹீலி, சியர்ஸ் ரோபக் போன்ற கடைகளின் விலைப்பட்டியல்களில் மேயர் குழல் என்பது ஒரு சரக்கு வகையின் பெயராகவே ஆகிவிட்டது. எந்த நிறுவனம் செய்தாலும் நகலெடுக்கும் இயந்திரத்தை ஜெராக்ஸ் என்கிறோமே, அந்தக் கதை.

உங்கள் படத்துக்கு வருவோம். முத்திரையை நேரடி வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள், அதில் எழுத்து அமுங்கிவிடுகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மரத்தோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, குழலை மெல்ல உருட்டுங்கள். ஒரு கோணத்தில் எழுத்தின் பள்ளங்கள் நிழல் பிடித்துச் சட்டென்று எழும்பி வரும். அந்த நொடியில் படம் எடுங்கள். சுண்ணாம்பு, மாவு எதையும் தேய்க்க வேண்டாம். இரண்டாவது முறை அப்படி எடுத்து அனுப்பிய படத்தில் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பெயருக்கு முன்னால் ‘எச். எஃப்.’ இல்லை, தேய்ந்து போனதற்கான தடமும் இல்லை, அந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. இரண்டு, ஊர்ப் பெயரில் ‘என்’ எழுத்து ஒன்றுதான் இருக்கிறது. ஜெர்மன்காரர் தன் ஊரை இரண்டு ‘என்’ போட்டுத்தான் எழுதுவார். ஒற்றை ‘என்’ ஆங்கில எழுத்துக்கூட்டு. ஆங்கிலம் படிக்கும் வாடிக்கையாளருக்காகப் போட்ட முத்திரை அது. தவிரவும், பேர் பெற்ற பட்டறைகள் பொதுவாக ஒவ்வொரு துண்டிலும் முத்திரை குத்தும். உங்களுடையதில் ஒரே ஒரு துண்டில்தான் இருக்கிறது.

அப்படியானால் செய்தது யார்? மார்க்நொய்கிர்ஷன் என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். சாக்சனியின் தென்மேற்கு மூலையில் ஃபோக்ட்லாண்ட் பகுதியில் உள்ள சின்ன ஊர். பொஹீமியாவிலிருந்து மதத்தின் பெயரால் விரட்டப்பட்டு வந்த வயலின் ஆசாரிகள் அங்கே குடியேறி, 1677லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இருநூறு வருடத்தில் சுற்று வட்டாரம் முழுக்க இசைக்கருவித் தொழில் பரவிவிட்டது. ஒரு வீட்டில் வயலின் கழுத்து, அடுத்த வீட்டில் வில், இன்னொரு தெருவில் குழலுக்கு மரம் கடைவது, வேறொருவர் கீ மட்டும், பெட்டிக்குத் தனி ஆள். வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து, கேட்டவர் கேட்ட பெயரைப் பொறித்துக் கப்பலேற்றுவார். சிவகாசித் தீப்பெட்டி ஞாபகம் வருகிறதா? ஆயிரம் லேபிள், பின்னால் அதே தெருக்கள். ஏற்றுமதி எந்த அளவுக்கு இருந்தது என்றால், அமெரிக்க அரசு 1893ல் அந்தக் குட்டி ஊரில் தன் தூதரக அலுவலகம் ஒன்றைத் திறந்து 1916 வரை நடத்தியது. இசைக்கருவிச் சரக்குக்கான காகிதங்களில் கையெழுத்துப் போடவே அங்கே ஆள் தேவைப்பட்டது.

அதனால்தான் உங்கள் குழலைச் செய்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது என்றேன். குறைந்தது நான்கைந்து குடும்பங்களின் கை அதில் பட்டிருக்கும்.

காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கு மாதிரி காட்டி விற்பதைத் தடுக்க இங்கிலாந்து 1887ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொற்றொடர் பரவியது அதிலிருந்துதான். அமெரிக்காவில் 1890ன் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, இறக்குமதியாகும் பொருளில் எந்த நாடு என்று எழுத வேண்டும் என்றானது. ஆக ‘ஜெர்மனி’ என்ற சொல் எங்கேயாவது ஆங்கிலத்தில் இருந்தால் அந்தக் குழல் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பூணின் அடிப்பக்கம், கால்துண்டின் விளிம்பு, பெட்டியின் பூட்டு, மூடியின் உள்பக்கம் எல்லாம் பாருங்கள். ‘டி. ஆர். ஜி. எம்.’ என்ற நான்கு எழுத்து இருந்தால் 1891க்குப் பின். ஜெர்மனியில் சின்னக் கண்டுபிடிப்புகளுக்கான அந்தப் பதிவு முறை தொடங்கியதே அந்த வருடம்தான். உங்கள் எட்டாவது படத்தில் பெட்டிப் பூட்டின் மேல் ‘...மனி’ என்று முடியும் எழுத்து தெரிகிற மாதிரி இருக்கிறது. பெட்டி மாறியிருக்கலாம், அதனால் அதை மட்டும் நம்பமாட்டேன். ஆனால் துண்டுகள் வெல்வெட் பள்ளத்தில் கச்சிதமாக உட்காருகின்றன, பள்ளத்தின் ஓரம் கீ பட்ட இடத்திலேயே தேய்ந்திருக்கிறது. பெட்டியும் குழலும் ஒன்றாகவே வாழ்ந்திருக்கின்றன.

சரி, பெயரை நம்பலாம் என்ற நிலை எப்போது வரும்? லண்டன் ரூடால் அண்ட் ரோஸ் குழலைப் பாருங்கள். ஜார்ஜ் ரூடாலும் ஜான் மிட்செல் ரோஸும் 1821ல் கூட்டுச் சேர்ந்தார்கள். குழலில் பெயரோடு கடை முகவரியையும், வரிசை எண்ணையும் பொறிப்பது அவர்கள் வழக்கம். கடையோ அடிக்கடி இடம் மாறியது. முதலில் கோவன்ட் கார்டன் பகுதியில் 7, டாவிஸ்டாக் தெரு. 1827 முதல் பத்து வருடம் 15, பியாட்ஸா. 1837 முதல் 1, டாவிஸ்டாக் தெரு. 1847ல் சௌத்தாம்ப்டன் தெரு 38ஆம் எண். பிறகு ரிச்சர்ட் கார்ட் சேர்ந்து கம்பெனிப் பெயரே மாறியது. 1870களில் ரூடால் கார்ட் ஆனது. ஆக முகவரியைப் படித்தாலே பத்து வருடத்துக்குள் காலம் கைக்கு வந்துவிடும். எண் சேர்ந்தால் இன்னும் நெருங்கலாம். முத்திரையும் கைவேலையும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும்: வெள்ளிக் கீ, கோகஸ் மரம், மரக் கட்டி, மெல்லிய பூண். இதில் ஒன்று இடித்தாலும் சந்தேகப்படுங்கள். வெறும் ‘ரூடால்’ பெயர் போட்ட ஜெர்மன் சரக்கும் உலகத்தில் உண்டு.

இன்னொரு வகைப் பெயர், விற்றவர் பெயர். ‘கிளெமென்டி அண்ட் கோ’ என்று பொறித்த குழல் கிடைத்தால், அந்த இசையமைப்பாளர் முட்ஸியோ கிளெமென்டி உட்கார்ந்து மரம் கடைந்தார் என்று அர்த்தமில்லை. அவர் லண்டனில் பியானோவும் இசைப் புத்தகமும் விற்ற பெரிய வியாபாரி. அந்தக் காலத்தில் குழல் வாசிப்பில் நட்சத்திரமாக இருந்த சார்ல்ஸ் நிக்கல்சன் பெயரில் ‘மேம்படுத்தப்பட்ட குழல்’ என்று ஒன்று வந்தது: பெரிய துளை, உரத்த சத்தம். அதில் நிக்கல்சன் பெயர் இருக்கும், கிளெமென்டி பெயர் இருக்கும். பட்டறையில் செய்தவர் தாமஸ் ப்ரௌஸ். மூன்று பேரில் யாரை ‘மேக்கர்’ என்பீர்கள்? ஆனாலும் இந்தப் பெயர் காலத்துக்கு உதவும். கிளெமென்டி 1832ல் இறந்தார், கடை கொலார்ட் குடும்பத்தின் பெயருக்குப் போனது. கிளெமென்டி முத்திரை என்றால் அதற்கு முந்தியது.

பிரெஞ்சுக் குழல்கள் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. மெலிந்த உடம்பு, நேர்த்தியான கீ. கோட்ஃப்ராய், லூயி லோ, டுலூ என்ற பெயர்களைக் கண்டால் உடனே யாரிடமாவது காட்டுங்கள், சொந்தமாகத் துடைக்கக்கூட வேண்டாம். பெயர் தெரியாத பிரெஞ்சுச் சரக்கில் கணிசமானது நார்மண்டியின் லா கூத்தூர்-பூசே கிராமத்திலிருந்து வந்தது. அது அவர்களுடைய மார்க்நொய்கிர்ஷன்.

இப்போதைய போலிகளையும் ஒரு வார்த்தை. பாகிஸ்தானின் சியால்கோட்டில் பேக்பைப் முதலான கருவிகள் செய்யும் தொழில் உண்டு. அங்கிருந்து கீ வைத்த மரக் குழல்களும் வருகின்றன. புதுக் குழலாக விற்றால் தப்பில்லை. இரண்டு கை மாறியதும் ‘பாட்டன் காலத்து ஐரிஷ் குழல்’ ஆகிவிடுகிறது. செம்பழுப்பு ஈட்டி மரம், தேய்மானமே இல்லாத விரல் துளை, பளபளவென்ற கீ என்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள். நூறு வருடம் ஊதிய குழலில் ஊதுதுளையின் கீழ் விளிம்பும், இடது ஆள்காட்டி விரல் தாங்கும் பக்கமும் கொஞ்சமாவது மழுங்கியிருக்கும்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடம் சொல்கிறேன். அமெரிக்க இயற்பியலாளர் டேட்டன் மில்லர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 1,700 குழல்கள் வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸிடம் இருக்கின்றன. படங்கள் இணையத்தில் இலவசம். மேயர் என்று தேடி, அசலின் முத்திரையையும் கீயின் வளைவையும் உங்களுடையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் தேட, வில்லியம் வாட்டர்ஹவுஸ் தொகுத்து 1993ல் வந்த புதிய லாங்வில் இண்டெக்ஸ். காற்றுக்கருவி செய்தவர்களின் பெயர், முகவரி, ஆண்டு எல்லாம் அகர வரிசையில் இருக்கும். விலை அதிகம், பெரிய நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

விலைக்கு வருகிறேன். பழைய மரக் குழலுக்கு இன்று கிராக்கி இருப்பது பெரும்பாலும் அயர்லாந்து இசைக்காரர்களால். இசைக்குழுக்களில் போம் குழல் பரவியதும் வேண்டாம் என்று கழித்த மரக் குழல்களை அவர்கள் மலிவாக வாங்கி ஊத ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பெரிய துளை வேண்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ள ரூடால் அண்ட் ரோஸ் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். ஜெர்மன் ஏற்றுமதிக் குழல் சில நூறைத் தாண்டுவது அபூர்வம். நீங்கள் கொடுத்த 60 பவுண்டு நியாயமான விலைதான், ஏமாறவில்லை.

ஆனால் விற்க நினைத்தால் தந்தம் குறுக்கே வரும். இங்கிலாந்தில் 2018ல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1975க்கு முன் செய்த இசைக்கருவியில் தந்தம் கன அளவில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பதிவு செய்துவிட்டு விற்கலாம். பூண் மட்டும் தந்தம் என்றால் பிரச்சினை இல்லை. உங்களுடையதில் தலைத்துண்டு முழுவதும் தந்தம். அது அந்த அளவைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். விற்பதற்கு முன் விதியைப் படித்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லை தாண்டத் தனி அனுமதி வேண்டும், இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குத் தடையும் இருக்கிறது.

கடைசியாக, ஊதலாமா? இங்கே என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இதே மாதிரி ஒரு தந்தத் தலைக் குழல் எனக்கு ஒரு ஜனவரி மாதம் கிடைத்தது. ஆசையை அடக்க முடியாமல் அன்று சாயங்காலமே ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஊதினேன். மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போனேன். அறையிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகம் வெட்டுகிற மாதிரி. திரும்பி வந்து பார்த்தால் ஊதுதுளைக்கு மேலிருந்து முனை வரை தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. தலைத்துண்டின் உள்ளே சுருதி சேர்க்க ஓர் உலோகக் குழாய் இருக்கும். தந்தமோ மரமோ ஈரம் குடித்து விரியும், காய்ந்து சுருங்கும். உள்ளே இருக்கும் உலோகம் அதற்கு இடம் கொடுக்காது. வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. பழைய குழல்களில் உடம்பு நன்றாக இருந்தும் தலையில் மட்டும் நெடுக விரிசல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

உங்களுடையதில் இன்னும் விரிசல் இல்லை. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஊதி முடித்ததும் ஒரு குச்சியில் துணி சுற்றி உள்பக்க ஈரத்தைத் துடையுங்கள். துண்டுகள் இறுகியிருந்தால் முறுக்கிப் பிடுங்காதீர்கள். பொருத்தும் இடத்துக் கார்க்கில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு நாள் விடுங்கள். சுருதி பார்க்க, இடது கையின் முதல் இரண்டு விரலை மட்டும் மூடி ஊதுங்கள், ‘ஏ’ வரும். போனில் ட்யூனர் ஆப் இருந்தால் எண் காட்டும். பிரான்சில் 1859லும் வியன்னா மாநாட்டில் 1885லும் ஏற்றுக்கொண்ட 435 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்தால் ஐரோப்பியத் தாழ்சுருதிக்குச் செய்தது. சுருதிக் குழாயை நன்றாக வெளியே இழுத்தும் 450க்குக் கீழே இறங்க மறுத்தால், இங்கிலாந்தின் பழைய உயர்சுருதிக்கென்றே செய்து அனுப்பியது. 452 என்பது அங்கே ராணுவ பேண்டுகள் ரொம்ப நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சுருதி. எந்த எண் வருகிறது என்று எழுதுங்கள். அந்தக் குழல் முதலில் எந்த நாட்டு வாடிக்கையாளருக்காகக் கப்பலேறியது என்பதையும் அதை வைத்துச் சொல்லிவிடலாம்.